ஜிவாஸ் முடிவு விசித்திரமாக வந்தால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

ஜிவாஸ் (ஜீனோம் முழுக்க எந்த மரபணு வேறுபாடு நோயோடு சேர்ந்து வருகிறது என்று தேடும் ஆய்வு) ஓட்டிவிட்டு "அண்ணா, படம் ஒரு மாதிரி இருக்கு" என்று வருபவர்களோடு உட்கார்ந்து கோப்புகளைத் திறந்து பார்ப்பது என் வேலையில் பாதி. வந்தவுடன் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "வேற மாடல் போட்டுப் பார்க்கலாமா?" மாடலை மாற்றிச் சரியானதை நான் பார்த்தது குறைவு. குறியீடு, பெயர், பில்ட் (குரோமோசோமில் இடங்களை எண்ணும் வரைபடத்தின் பதிப்பு), இழை (டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எதைப் படித்தோம் என்பது), தட்டு (மாதிரிகளைச் சேர்த்து அளக்கும் தொகுதி) என்று ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடியதை முதலில் வைத்திருக்கிறேன். பணமும் மாதங்களும் பிடிப்பது கடைசியில். பிளிங்க் என்ற மென்பொருளை வைத்துச் சொல்கிறேன்; ரெஜினி, செய்ஜ் என்ற மென்பொருட்களைப் பயன்படுத்துபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் லாக் கோப்பைப் படியுங்கள். எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் மிஞ்சினார்கள், கேஸ் (நோயாளி) எத்தனை, கண்ட்ரோல் (நோயில்லாதவர்) எத்தனை, எஸ்என்பி (ஆளுக்கு ஆள் மாறும் டிஎன்ஏ எழுத்து) எத்தனை. இந்த ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கீழே வாருங்கள்.

## அறிகுறி: பி-மதிப்பு (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பு) பத்தி முழுக்க என்ஏ (மதிப்பு இல்லை), அல்லது பாதிப் பேரைக் காணோம்

### கேஸ் 0 என்று லாக் சொல்கிறதா?

நோய் இருப்பவருக்கு 1, இல்லாதவருக்கு 0 போட்டிருப்பீர்கள். பிளிங்க்கின் கணக்கு வேறு. அதற்கு 2 என்றால் கேஸ், 1 என்றால் கண்ட்ரோல், 0 என்றால் தகவல் இல்லை. ஆகவே உங்கள் நோயாளிகள் எல்லோரும் கண்ட்ரோல் ஆகிவிட்டார்கள், நலமாக இருப்பவர்கள் காணாமல் போய்விட்டார்கள். 1, 2 என்று மாற்றி எழுதுங்கள், அல்லது 0, 1 குறியீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லும் தெரிவைக் கொடுங்கள்.

### ஆட்கள் குறைந்திருக்கிறார்களா?

ஜீனோட்டைப் (ஆளின் டிஎன்ஏ எழுத்துகள்), பினோட்டைப் (நோய் உண்டா என்பது போன்ற விவரம்) என்ற இரண்டு கோப்பிலும் ஒரே ஆளின் அடையாள எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மாணவி மூன்று நாள் அலைந்துவிட்டு வந்தார். ஜீனோட்டைப் கோப்பில் ரத்த மாதிரிக் குப்பியின் எண் 00417. பினோட்டைப் கோப்பை ஒருமுறை எக்செலில் திறந்து சேமித்திருந்தார். அங்கே அது 417. பூஜ்யத்தில் தொடங்காத எண்காரர்கள் மட்டும் பகுப்பாய்வில் நின்றிருந்தார்கள். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, அதுதான் கொடுமை. முடிவு வந்தது, படம் வந்தது, ஆள் மட்டும் இல்லை.

எக்செல் இந்தத் துறைக்குச் செய்த சேதம் பெரிது. மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே 2020-ல் அந்தப் பெயர்களை மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றியது. அடையாள எண் இருக்கும் கோப்பை எக்செலில் திறந்தால் அந்தப் பத்தியை எழுத்து வகையாக இறக்குமதி செய்யுங்கள். முடிந்தால் திறக்கவே வேண்டாம்.

### ஆட்கள் சரி, ஆனாலும் என்ஏ?

கோவேரியேட்டை (வயது, பாலினம் போல மாடலில் கூடச் சேர்க்கும் பத்திகள்) பாருங்கள். பெண்களை மட்டும் பிரித்தெடுத்துவிட்டுப் பாலினப் பத்தியை உள்ளே விட்டிருந்தால், எல்லோருக்கும் ஒரே மதிப்பு, மாடல் நிற்காது. இரண்டு பத்திகள் ஒன்றையொன்று அப்படியே சொன்னாலும் இதே கதைதான்.

அப்புறம், தகவல் இல்லாத இடத்தில் போட்டுவைக்கும் அந்த -9. பிளிங்க் அதைத் தகவல் இல்லை என்று புரிந்துகொள்ளும். என்ஏ என்று எழுதினால் மட்டும் புரிந்துகொள்ளும் மென்பொருளுக்கு அதே கோப்பைக் கொடுத்தால், வயது மைனஸ் ஒன்பது என்று ஒருவர் மாடலுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். இதற்கு என்ஏ வராது, தப்பான விடைதான் வரும். ஒவ்வொரு பத்திக்கும் மிகச் சிறியது, மிகப் பெரியது இரண்டையும் அச்சிட்டுப் பார்த்தால் போதும்.

இந்த அறிகுறிக்கு யாரையும் கூப்பிடத் தேவையில்லை.

## அறிகுறி: இரண்டு தொகுப்புகளைச் சேர்த்ததும் எஸ்என்பி எண்ணிக்கை சரிந்துவிட்டது

### கிட்டத்தட்ட எதுவுமே பொருந்தவில்லையா?

ஒன்றில் குரோமோசோம் 19 என்றும், மற்றதில் 'சிஎச்ஆர்' முன்னொட்டோடு 19 என்றும் இருக்கலாம். முன்னொட்டை நீக்கினால் தீரும்.

அது இல்லையென்றால் பில்ட். 2009-ல் வந்த 37-ஆம் பில்டும் 2013-ல் வந்த 38-ஆம் பில்டும் இன்னும் ஒன்றாகவே புழங்குகின்றன. கோப்பின் பெயரில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். நான் எப்போதும் ஏபிஓஇ மரபணுவில் உள்ள ஆர்எஸ்429358 என்ற எஸ்என்பியைத் தேடுவேன். 19-ஆம் குரோமோசோமில் 4,54,11,941 என்ற இடத்தில் இருந்தால் 37. 4,49,08,684 என்றால் 38. ஒரே ஒரு எஸ்என்பி, ஒரே நிமிடம், சந்தேகம் தீர்ந்தது.

பில்ட் மாற்றும்போது இன்னொரு இடறல் இருக்கிறது. ஜீனோமைத் திரையில் பார்க்கும் பிரவுசருக்கான பெட் கோப்பு வடிவம் இடங்களை 0-இலிருந்து எண்ணும், விசிஎஃப் கோப்பு வடிவம் 1-இலிருந்து எண்ணும். மாற்றிய பிறகு எல்லா இடமும் சரியாக ஒன்று தள்ளி நிற்கிறது என்றால் காரணம் இதுதான். பிளிங்க்கின் பெட் கோப்பு வேறு, இந்தப் பெட் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

### இடம் பொருந்துகிறது, ஆனால் மூன்று அலீல் (ஒரு எஸ்என்பியில் வரக்கூடிய எழுத்து) இருப்பதாகப் பிளிங்க் நிற்கிறதா?

இழை திரும்பியிருக்கிறது. ஒரு கோப்பில் ஏ, ஜி. மற்றதில் டி, சி. பிளிங்க் தரும் பட்டியலில் உள்ளவற்றை ஒருமுறை திருப்பி, மறுபடி சேர்த்துப் பாருங்கள். அதன் பிறகும் மிஞ்சுபவை சிலதான் இருக்கும், அவற்றை விட்டுவிடலாம். நிறைய மிஞ்சினால் இழை பிரச்சினையில்லை. பில்டுக்குத் திரும்பிப் போங்கள்.

### சண்டையே போடாமல் சேர்ந்துவிட்டதா?

அப்போதும் நிம்மதியாக இருக்க முடியாது. ஏ-டி, சி-ஜி ஜோடிகள் இழை திரும்பினாலும் அதே எழுத்தாகவே தெரியும். பிழையே வராமல் உள்ளே போய்விடும். இரண்டு தொகுப்பிலும் அலீல் விகிதத்தை எக்ஸ், ஒய் அச்சில் புள்ளிப் படமாகப் போடுங்கள். நேர்க்கோட்டுக்குக் குறுக்காக, எதிர் மூலைவிட்டத்தில் ஒரு கோடு தெரிந்தால் அவை திரும்பியவை. விகிதம் 0.5-க்குப் பக்கத்தில், அதாவது சிறிய அலீல் (குறைவாக வருவது) 0.4-க்கு மேல் இருந்தால் படத்திலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஏ-டி, சி-ஜி எஸ்என்பிகளை எடுத்துவிடுங்கள். இழப்பு சிறிதுதான்.

## அறிகுறி: கியூகியூ படம் கோட்டை விட்டு விலகுகிறது

எதிர்பார்க்கும் பி-மதிப்புகளுக்கு எதிரே கிடைத்தவற்றை வைக்கும் படம் இது; அது கோட்டை விட்டு விலகுவதுதான் அதிகம் வரும் புகார். அதிகம் தப்பாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான். இந்த விலகலை அளக்கும் லாம்டா என்பது உங்கள் கை-ஸ்கொயர் மதிப்புகளின் (ஒவ்வொரு எஸ்என்பிக்கும் வரும் சோதனை எண்) நடுமதிப்பை, தொடர்பே இல்லாதபோது எதிர்பார்க்கும் 0.4549-ஆல் வகுத்த எண். நடுமதிப்பு 0.50 வந்தால் லாம்டா 1.10. உடனே எல்லாவற்றையும் 1.10-ஆல் வகுத்து அழகாக்கிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். காய்ச்சல் இருக்கும்போது தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்குவது போன்றது அது.

முதல் வேலை, படத்தைப் பிரிப்பது. அலீல் விகிதப்படி மூன்று கூறாக்கி மூன்று கியூகியூ படம் போடுங்கள்: 1 சதவீதத்துக்குக் கீழ், 1 முதல் 5, 5-க்கு மேல். நேரடியாக அளந்ததையும் இம்ப்யூட் செய்ததையும் (அளக்காமல் கணித்து நிரப்பியது) தனித்தனியே இன்னும் இரண்டு. எந்தப் படம் விலகுகிறது என்பதைப் பொறுத்துப் பாதை பிரிகிறது.

### அரிய எஸ்என்பிகளில் மட்டும் விலகினால்

கேஸ், கண்ட்ரோல் எண்ணிக்கையைப் பாருங்கள். கேஸ் 200, கண்ட்ரோல் 20,000 என்று வைத்துக்கொள்வோம். 0.5 சதவீத அலீல் ஒன்றுக்கு, கேஸ்களின் 400 குரோமோசோமில் எதிர்பார்ப்பது வெறும் 2 பிரதி. அங்கே சாதாரண லாஜிஸ்டிக் சோதனை சொல்லும் பி-மதிப்புக்கு அர்த்தமில்லை. இப்படிச் சிறிய எண்ணிக்கைக்கென்றே உள்ள ஃபிர்த் திருத்தம் அல்லது சேடில்பாயிண்ட் திருத்தம் போடுங்கள். ரெஜினியிலும் செய்ஜிலும் இவை உள்ளேயே இருக்கின்றன. மாடலை மாற்றுவது உண்மையிலேயே மருந்தாகும் இடம் இது.

### இம்ப்யூட் செய்தவற்றில் மட்டும் விலகினால்

தர மதிப்பெண்ணை 0.3-க்கு மேல் என்பதிலிருந்து 0.8-க்கு மேல் என்று உயர்த்திப் பாருங்கள். விலகல் போய்விட்டால் காரணம் அதுதான். போகவில்லையென்றால், கேஸையும் கண்ட்ரோலையும் தனித்தனியாக இம்ப்யூட் செய்தீர்களா என்று யோசியுங்கள். அப்படியென்றால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, பொதுவான எஸ்என்பிகளை மட்டும் வைத்து, முதலிலிருந்து இம்ப்யூட் செய்ய வேண்டியதுதான்.

### எல்லாக் கூறிலும் சீராக விலகினால்

காரணம் மக்கள் கலப்பு (வெவ்வேறு வம்சாவளிகள் சேர்ந்திருப்பது), உறவு, தட்டு வேறுபாடு, அல்லது உண்மையான பலமரபணுத் தன்மை. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

மக்கள் கலப்புக்கு முதன்மைக் கூறுகளை (ஆட்களின் மரபணு வேறுபாட்டைச் சில அச்சுகளாகச் சுருக்கியவை) படமாகப் போட்டு, கேஸ் ஒரு நிறம், கண்ட்ரோல் ஒரு நிறம் கொடுங்கள். இரண்டு நிறமும் வெவ்வேறு பக்கம் ஒதுங்கினால் விடை கிடைத்துவிட்டது. ஏதாவது ஒரு கூறில் ஆட்கள் மூன்று பட்டையாகப் பிரிந்தால் அது மக்கள் பிரிவு அல்ல. பெரும்பாலும் 8-ஆம் குரோமோசோமில் 80 லட்சம் முதல் 1.2 கோடி வரையுள்ள, டிஎன்ஏ தலைகீழாகத் திரும்பிய பகுதி. அதையும், 6-ஆம் குரோமோசோமில் 2.5 கோடி முதல் 3.5 கோடி வரை எம்எச்சி (நோயெதிர்ப்பு மரபணுத் தொகுதி) இருக்கும் பகுதியையும் எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டிப் போகும் எஸ்என்பிகளை ஆர்-ஸ்கொயர் (ஒட்டுதலின் அளவு) 0.2 அளவில் களைந்து, கூறுகளை மறுபடி கணக்கிடுங்கள்.

நம் ஊர் மாதிரிகளோடு வேலை செய்பவர்கள் இங்கே நின்று நிதானிக்க வேண்டும். ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் 2015 தொகுப்பில் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் இருக்கிறார்கள். தெற்காசியக் குழுக்கள் ஐந்து. அதில் ஒன்று பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள், 102 பேர். அவர்களை வைத்துப் போட்ட கூறுப் படத்தில் உங்கள் ஆட்களைப் பொருத்தினால், இவர்கள் தென்னிந்தியர்கள் என்று தெரியும். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே மணம் முடித்ததால் உண்டான நுண்பிரிவுகள் அந்த முதல் இரண்டு கூறில் தெரியாது. உங்கள் மாதிரிகளை மட்டும் வைத்துத் தனியாகக் கூறுகளைக் கணக்கிடுங்கள், பத்து வரையாவது பாருங்கள்.

உறவுக்கும் அப்படித்தான். கிங் மென்பொருளின் அளவில் 0.354-க்கு மேல் என்றால் ஒரே ஆள் அல்லது ஒரே கரு இரட்டையர், 0.177 முதல் 0.354 வரை முதல்நிலை உறவு, 0.088 முதல் 0.177 வரை இரண்டாம் நிலை, 0.044 முதல் 0.088 வரை மூன்றாம் நிலை. பிளிங்க்கின் உறவு அளவான பை-ஹேட் மக்கள் கலப்பு இருந்தால் உறவைக் கூட்டிச் சொல்லிவிடும், ஆகவே கிங்கை நம்புங்கள். அகமண மாதிரியில் மூன்றாம் நிலை உறவுகள் குவியும். அத்தனை பேரையும் வெட்டினால் ஆய்வே மிஞ்சாது. ஒரே ஆள் இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றை நீக்குங்கள். மற்றவர்களை வைத்துக்கொண்டு, உறவையும் கணக்கில் எடுக்கும் கலப்பு மாடலுக்குப் போங்கள்.

ஐரோப்பிய மாதிரிகளுக்கு எழுதிய இன்னும் இரண்டு வடிகட்டிகள் இங்கே நல்லதையும் சேர்த்து வெட்டிவிடும். மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் பிறந்தவருக்கு எதிர்பார்க்கும் உட்கலப்பு (ஒரே மூதாதையின் பிரதி இரு பக்கமும் வரும் வாய்ப்பு) 0.0625, தாய்மாமனை மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு 0.125. இவர்கள் நிறைய இருந்தால் ஹார்டி-வெயின்பெர்க் சோதனையில் (ஜீனோட்டைப் விகிதங்கள் எதிர்பார்ப்போடு பொருந்துகின்றனவா என்பது) நல்ல எஸ்என்பிகளே தோற்கும். விலகல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஹெட்டரோசைகோட் (இரண்டு வேறு அலீல் உள்ளவர்) எதிர்பார்ப்பைவிடக் குறைவு, அதுவும் எல்லா இடத்திலும் என்றால், அது திருமண முறை. மிக அதிகம் என்றால் அது அளவீட்டுக் கோளாறு, எடுத்துவிடுங்கள். பாலினச் சோதனையிலும், எக்ஸ் குரோமோசோமில் கணக்கிடும் எஃப் மதிப்பு 0.2-க்குக் கீழ் பெண், 0.8-க்கு மேல் ஆண் என்பது பொது வழக்கம். பெற்றோர் உறவில் மணந்திருந்தால் ஒரு பெண்ணின் மதிப்பு 0.2-ஐத் தாண்டலாம். ஒய் குரோமோசோமில் அழைப்பு (சிப் படித்துத் தரும் ஜீனோட்டைப்) வந்திருக்கிறதா என்று பார்க்காமல் அவரைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒருவர் கையை நீட்டி ரத்தம் கொடுத்திருக்கிறார்.

தட்டு வேறுபாட்டைப் பிடிக்க எளிய தந்திரம் ஒன்று உண்டு. கேஸ்களை ஒதுக்கிவிட்டு, கண்ட்ரோல்களை மட்டும் எடுத்து, முதல் தொகுதித் தட்டுகளை "கேஸ்" என்றும் மற்றதை "கண்ட்ரோல்" என்றும் வைத்து ஒரு ஜிவாஸ் ஓட்டுங்கள். எதுவும் வரக்கூடாது. வழக்கமான பி-மதிப்பு எல்லையான 5×10⁻⁸-ஐத் தாண்டி ஏதாவது வந்தால், அந்த எஸ்என்பிகள் தட்டைப் படிக்கின்றன. அவற்றை நீக்குங்கள். கேஸ், கண்ட்ரோலுக்கு இடையே விடுபட்ட அழைப்புகளின் விகிதத்தையும் ஒப்பிடுங்கள்.

இது சின்ன விஷயமில்லை. நூறு வயதைத் தாண்டியவர்களின் மரபணு அடையாளத்தைக் கண்டதாகச் சயன்ஸ் இதழில் 2010-ல் வந்த கட்டுரை, மறு வருடமே திரும்பப் பெறப்பட்டது. மாதிரிகள் எல்லாம் ஒரே வகைச் சிப்பில் (ஜீனோட்டைப்பை அளக்கும் தகடு) அளக்கப்படவில்லை; ஒரு சிப்பில் சில எஸ்என்பிகள் தப்பாகப் படிக்கப்பட்டிருந்தன.

இவ்வளவும் பார்த்த பிறகும் லாம்டா 1.1 என்று நின்றால், எல்டி (எஸ்என்பிகள் ஒட்டிப் போவது) ஸ்கோர் ரிக்ரெஷன் ஓட்டி வெட்டுப்புள்ளியை (கோடு செங்குத்து அச்சைத் தொடும் இடம்) பாருங்கள். அது 1-க்குப் பக்கத்தில் இருந்தால் விலகல் பெரும்பாலும் உண்மையான சிக்னல், பல்லாயிரம் சிறு விளைவுகளின் கூட்டு. மாதிரி பெரிதாகப் பெரிதாக லாம்டா ஏறுவது இயல்பு. எல்டி ஸ்கோர்கள் உங்கள் மக்களுக்குரியவையாக இருக்க வேண்டும். இந்திய மாதிரிக்கு ஐரோப்பிய ஸ்கோரைக் கொடுத்தால் வரும் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

யாரைக் கூப்பிடுவது? கேஸ் எல்லாம் ஒரு ஊர், ஒரு சிப். கண்ட்ரோல் எல்லாம் வேறு ஊர், வேறு சிப் என்றால், முதன்மைக் கூறு எத்தனை போட்டாலும் தீராது. ஆய்வுத் தலைவரிடம் போய், புதிதாகக் கண்ட்ரோல் எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கசப்பான பேச்சுதான். ஆனாலும் கட்டுரை எழுதும் முன் பேசியாக வேண்டும்.

### லாம்டா 1-க்குக் கீழே போனால்

0.99 என்றால் விட்டுவிடுங்கள். 0.9 என்றால், முடிவுக் கோப்பு ஏற்கனவே ஒருமுறை லாம்டாவால் வகுக்கப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மிக அரிய எஸ்என்பிகளை எடுத்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள்.

## அறிகுறி: மன்ஹாட்டன் படத்தில் ஒற்றைப் புள்ளி தனியாக உச்சியில் நிற்கிறது

மன்ஹாட்டன் படத்தில் எஸ்என்பிகள் குரோமோசோம் வாரியாக வரிசையில் நிற்கும்; பி-மதிப்பு சிறியது உயரத்தில் நிற்கும். உண்மையான சிக்னல் கூட்டத்தோடு வரும். பக்கத்து எஸ்என்பிகள் பரம்பரையாகச் சேர்ந்தே வருவதால், கோபுரம் போல அடியிலிருந்து ஏற வேண்டும். அந்தரத்தில் தனிப் புள்ளி நின்றால், நிரூபணம் வரும்வரை அது கோளாறு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டிய வரிசை இது. அந்த எஸ்என்பியின் மூன்று ஜீனோட்டைப் எண்ணிக்கையையும் கேஸ், கண்ட்ரோல் வாரியாக அச்சிடுங்கள். பொதுத் தரவில் உள்ள விகிதத்தோடு கண்ட்ரோல் விகிதத்தை ஒப்பிடுங்கள். அப்புறம் கிளஸ்டர் படம். சிப்பின் இரண்டு நிற ஒளிச்செறிவையும் புள்ளியாக வைத்தால் மூன்று திட்டுகள் தெளிவாகப் பிரிய வேண்டும். இரண்டு திட்டு ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் கத்தி வைத்தது போலக் கோடு விழுந்திருந்தால் மென்பொருள் ஊகித்திருக்கிறது. கண்ணால் ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்தப் பி-மதிப்பும் அந்த எஸ்என்பியைக் காப்பாற்றாது.

யூகே பயோபேங்க் (பிரிட்டனின் பெரிய மரபணு, உடல்நலத் தொகுப்பு) தரவை வைத்து, சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்து விடுபட்ட வடிவம் இரண்டு பிரதி இருந்தால் இறப்பு 21 சதவீதம் கூடுகிறது என்று 2019 ஜூனில் நேச்சர் மெடிசினில் ஒரு கட்டுரை வந்தது. அக்டோபரில் திரும்பப் பெற்றார்கள். அதை அளக்கப் பயன்பட்ட எஸ்என்பியான ஆர்எஸ்62625034-இன் புரோப் (சிப்பில் அதைப் பிடிக்கும் துண்டு), இரண்டு பிரதி உள்ளவர்கள் பலரைத் தவறவிட்டிருந்தது. அவர்கள் இறந்து குறைந்ததாகத் தெரிந்தது, உண்மையில் எண்ணப்படாமல் குறைந்தார்கள். மரபியலில் நன்கு தேர்ந்தவர்களுக்கே நடந்தது இது. ஒரு எஸ்என்பியை நம்பி நிற்கும் எல்லோருக்கும் நடக்கலாம்.

கிளஸ்டர் படமும் நன்றாக இருந்து, புள்ளி இன்னும் நின்றால் ஆய்வகத்தைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு ஜீனோட்டைப்பிலும் சிலரின் டிஎன்ஏவை எடுத்துச் சேங்கர் முறையில் படித்துத் தரச் சொல்லுங்கள். முழுச் சிப்பையும் திரும்ப ஓட்டுவதோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை.

## அறிகுறி: விளைவின் திசை தலைகீழாக இருக்கிறது

பிளிங்க் 1.9 தன்னிடமுள்ள தரவில் எந்த அலீல் குறைவாக வருகிறதோ அதை ஏ1 (விளைவு கணக்கிடும் அலீல்) என்று வைத்துக்கொள்ளும். விகிதம் 0.48 என்று இருக்கும் எஸ்என்பிக்கு உங்கள் தொகுப்பில் ஏ1 ஒன்று, கூட்டாளியின் தொகுப்பில் வேறொன்று. பீட்டாவை (விளைவின் அளவு) மட்டும் அனுப்பினால், பல ஆய்வுகளைச் சேர்க்கும் மெட்டா பகுப்பாய்வில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சிக்னல் மறைந்துவிடும். விளைவு அலீல், மற்ற அலீல், விகிதம் மூன்றும் இல்லாத முடிவுக் கோப்பை வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

சரிபார்க்க, ஊரறிந்த எஸ்என்பி ஒன்றைப் பாருங்கள். டிசிஎஃப்7எல்2 மரபணுவின் ஆர்எஸ்7903146-ல் டி அலீல் டைப் 2 சர்க்கரை நோயைக் கூட்டும். எஃப்டிஓ மரபணுவின் ஆர்எஸ்9939609-ல் ஏ அலீல் உடல் எடைக் குறியீட்டைக் கூட்டும். ஏபிஓஇ-யின் ஆர்எஸ்7412-ல் டி அலீல் எல்டிஎல் கொழுப்பைக் குறைக்கும். எல்லாமே எதிர்த்திசையில் வந்தால் பினோட்டைப் குறியீடு திரும்பியிருக்கிறது. சில மட்டும் வந்தால் அலீல் அல்லது இழை.

## அறிகுறி: நினைவகம் போதவில்லை என்று நின்றுவிடுகிறது

கூடுதல் ரேம் கேட்டு எழுதும் முன் கணக்குப் போடுங்கள். 10,000 பேர், 5 லட்சம் எஸ்என்பி. பிளிங்க்கின் கோப்பில் ஒரு ஜீனோட்டைப்புக்கு 2 பிட், ஆக 1.25 ஜிபி. அதையே ஆர் மொழியில் சாதாரண அணியாக ஏற்றினால் ஒன்றுக்கு 8 பைட், ஆக 40 ஜிபி. எனவே முழுவதையும் ஏற்றாதீர்கள். குரோமோசோம் வாரியாகப் பிரியுங்கள், அல்லது பிளிங்க்கிடமே வேலையைக் கொடுங்கள்.

5 லட்சம் பேருக்கு உறவு அணியை (ஒவ்வொரு இருவருக்கும் ஒரு உறவு எண்) கட்டுகிறேன் என்றால் அது வேறு. ஒரு எண்ணுக்கு 4 பைட் என்றாலும் முழு அணி 1,000 ஜிபி. அங்கே அணியே கட்டாமல் வேலை செய்யும் ரெஜினி போன்றவற்றுக்குத்தான் போக வேண்டும். பலர் பகிரும் கிளஸ்டர் கணினியில் வேலை ஓசையில்லாமல் செத்துப்போனால், கேட்ட நினைவகம் எவ்வளவு, உண்மையில் எடுத்தது எவ்வளவு என்று கணினி நிர்வாகியிடம் கேளுங்கள். அவருடைய பதிவில் இருக்கும்.

## கூப்பிடும்போது கையில் என்ன இருக்க வேண்டும்

புள்ளியியலாளருக்கு "ரிசல்ட் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அவர் நான்கு நாள் கேள்வி கேட்பார். முதலில் தாளில் எழுதிய ஐந்து எண்கள், பில்ட், சிப் வகை, எந்தத் தட்டில் எத்தனை கேஸ் எத்தனை கண்ட்ரோல் என்ற அட்டவணை, பிரித்துப் போட்ட கியூகியூ படங்கள், மென்பொருளின் பதிப்பு எண், லாக் கோப்பு. இவற்றோடு போங்கள். ஆட்களின் பெயரோ பிறந்த தேதியோ அந்த மின்னஞ்சலில் போகக்கூடாது. ஜீனோட்டைப் கோப்பை இணைப்பாக அனுப்பவே கூடாது. அனுமதி உள்ள கணினியில் அது இருக்கும் இடத்தை மட்டும் சொல்லுங்கள், பார்க்க வேண்டியவர் அங்கே வந்து பார்ப்பார்.